ஒரே இடத்தில் நீலமும் சிவப்பும்: எலியின் அப்போபெக்-1 மரபணு

என் மேசையின் அடி இழுப்பறையில் மூன்று தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்த நாட்களில், விஸ்டர் இன எலி ஒன்றிலிருந்து எடுத்த மூன்று மாதிரிகளை எழுத்து வரிசை படித்துத் தரும்படி வெளியூருக்கு அனுப்பிப் பெற்ற வரைபடங்கள் அவை. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுக்கும் இந்த வரைபடங்களில் நான்கு நிறங்கள் உண்டு: ஏ பச்சை, சி நீலம், ஜி கறுப்பு, டி சிவப்பு. ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய நிறத்தில் ஒரு சிறு முகடாக எழுந்து தாழும். மாதிரி சுத்தமாக இருந்தால் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கும்.

என்னிடம் முதலில் வந்தது ஈரலிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து அனுப்பிய மாதிரியின் தாள். தைராய்டு சுரப்பு குறைந்த எலிகளில் இரத்தக் கொழுப்பு எப்படி மாறுகிறது என்பதுதான் அன்றைய என் வேலை. அப்போலிப்போபுரதம்-பி என்ற புரதத்தின் மரபணுத் துண்டைச் சரியாகத்தான் பெருக்கியிருக்கிறேனா என்று உறுதி செய்துகொள்ளவே அதை அனுப்பியிருந்தேன். முந்நூறு எழுத்துகளுக்கு மேல் வரிசை பிசகாமல் வந்திருந்தது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீல முகடும் சிவப்பு முகடும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக நின்றன. இரண்டு மாதிரிகளைக் கலந்துவிட்டேன் என்றே நினைத்தேன். புதிதாக ஆர்.என்.ஏ. பிரித்தேன், புதிய குழாய்கள், புதிய கரைசல்கள். மீண்டும் அதே இடத்தில் அதே இரட்டை முகடு. மூன்றாம் முறையும் அப்படியே வந்தபோது என் நெறியாளரிடம் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கலப்படம் என்றால் ஒரே ஓர் எழுத்திலா கலக்கும், தம்பி? இதே எலியின் சிறுகுடலையும் அனுப்புங்கள், மரபணுவையும் நேரடியாகப் படியுங்கள்" என்றார்.

அப்படி வந்தவையே மற்ற இரு தாள்களும். மரபணுவை நேரடியாகப் படித்த தாளில் அந்த இடத்தில் நீலம் மட்டுமே இருந்தது. சிறுகுடலின் தாளில் அதே இடத்தில் ஓங்கிய சிவப்பு முகடு. அதன் அடியில் நீலம் ஒரு கோடளவுக்குத் தங்கியிருந்தது. ஈரலில் பாதிக்குப் பாதி. மூன்றும் ஒரே எலி. மூன்றிலும் ஒரே மரபணு. இந்த வேறுபாட்டைச் செய்யும் நொதிக்குரிய மரபணுவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதன் பெயர் அப்போபெக்-1.

இந்த நொதி எதற்கு என்று சொல்வதற்கு முன் அது திருத்தும் புரதத்தைச் சொல்ல வேண்டும். கொழுப்பு நீரில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் நீர். சாப்பாட்டில் வரும் கொழுப்பும் ஈரல் உருவாக்கும் கொழுப்பும் இரத்தத்தில் பயணம் செய்ய வேண்டுமானால் புரதம் போர்த்திய சிறு உருண்டைகளாகக் கட்டப்பட வேண்டும். அந்தக் கட்டுமானத்துக்கு முதுகெலும்பாக இருப்பது அப்போலிப்போபுரதம்-பி, சுருக்கமாக அப்போ-பி. குடல் கட்டும் பெரிய உருண்டைகளுக்குக் கைலோமைக்ரான் என்று பெயர். ஈரல் கட்டுபவை வி.எல்.டி.எல். மனிதர்களில் இந்த ஈரல் உருண்டைகளில் ஒரு பகுதி கொழுப்பை இறக்கிவிட்டுச் சுருங்கி, நாம் இரத்தப் பரிசோதனைத் தாளில் பார்த்து அஞ்சும் எல்.டி.எல். ஆகிறது.

குடலில் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எலிக்கு எண்ணெய் புகட்டி, ஓரிரு மணி நேரம் கழித்து, முழு மயக்கத்தில் வைத்து வயிற்றைத் திறந்தால், சிறுகுடலைத் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வில் பால் ஊற்றிய நூல்களைப்போல வெள்ளைக் கோடுகள் ஓடுவது தெரியும். அவை நிணநீர்க் குழல்கள். அந்த வெண்மை கைலோமைக்ரான்கள். பட்டினி கிடந்த எலியில் அதே குழல்கள் கண்ணாடிபோல் நிறமற்றிருக்கும். தேடினாலும் எளிதில் அகப்படா. நான் முதன்முதலில் அந்த வெள்ளை நூல்களைப் பார்த்த நாளை மறக்கவில்லை. ஓர் உயிரை இதற்காக எடுக்கிறோம் என்ற கனமும் அந்தக் காட்சியோடு சேர்ந்தேதான் மனத்தில் இருக்கிறது. எண்களாக எழுதும்போது அது காணாமல் போய்விடக்கூடாது என்பதற்காக இங்கே சொல்கிறேன்.

அப்போ-பி இரண்டு அளவுகளில் கிடைக்கிறது. பெரியது 4,536 அமினோ அமிலங்கள் கொண்டது; மனித உடலின் மிகப் பெரிய புரதங்களுள் ஒன்று. சிறியது அதன் முன்பாதி மட்டும், 2,152 அமினோ அமிலங்கள். 1980-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் கேனும் அவருடைய குழுவினரும் பெரியதை 100 என்று கொண்டு, மற்றதை அதன் விழுக்காட்டால் 48 என்று குறித்தார்கள். அன்றிலிருந்து அவை அப்போ-பி-100, அப்போ-பி-48. மனிதர்களில் ஈரல் 100-ஐயும் சிறுகுடல் 48-ஐயும் செய்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி மரபணுக்களா, அல்லது பெரிய புரதம் பிறகு வெட்டப்படுகிறதா என்பது அப்போது பெரும் புதிர். தேடிப் பார்த்தால் மரபணு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

விடை 1987-இல் இரண்டு இடங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது: இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்காட்டின் குழு, அமெரிக்காவின் ஹூஸ்டனில் லாரன்ஸ் சானின் குழு. குடலின் தூது ஆர்.என்.ஏ.வில், அதாவது புரதம் கட்டுவதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் செய்திப் படியில், 6,666-ஆம் எழுத்தாக மரபணுவில் இருக்கும் சி, யு-வாக மாறியிருந்தது. ஆர்.என்.ஏ.வில் டி-யின் இடத்தில் வரும் எழுத்து யு; டி.என்.ஏ.வாகப் படியெடுத்தால் அது டி ஆகத் தெரியும். அங்கே மரபணு சொல்லும் மூவெழுத்துச் சொல் சிஏஏ. அதன் பொருள் குளூட்டமின் என்ற அமினோ அமிலம். முதல் எழுத்து யு ஆனதும் அது யுஏஏ. அதன் பொருள் 'இங்கே நிறுத்து'. ஏறக்குறைய 14,000 எழுத்துகள் நீளமுள்ள செய்தியில் ஓர் எழுத்து மாறுகிறது. வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி விழுகிறது. புரதம் பாதியில் முடிகிறது. என் தாளில் சிவப்பாக நின்றது அந்த முற்றுப்புள்ளிதான். ஆர்.என்.ஏ. திருத்தம் என்ற சொல்லே அதற்கு முந்தைய ஆண்டு, 1986-இல், டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணியில் ராப் பென்னே குழுவினர் கண்ட வேறொரு விந்தைக்காகத்தான் புழக்கத்துக்கு வந்திருந்தது. பாலூட்டிகளிலும் அது நடக்கிறது என்பதற்கு முதல் சான்றாக அமைந்தது அப்போ-பி.

வேதியியலாகப் பார்த்தால் நடப்பது மிகச் சிறிய செயல். சைட்டோசினின் வளையத்தில் ஒட்டியிருக்கும் அமினோத் தொகுதி ஒன்று நீரின் உதவியால் கழன்று அந்த இடத்தில் ஆக்சிஜன் அமர்கிறது, சைட்டோசின் யுராசிலாகிறது. நொதியின் மையத்தில் இருக்கும் துத்தநாக அயனி அந்த நீர் மூலக்கூறைப் பிடித்துக் கூர்மையாக்கித் தருகிறது. இதைவிட எனக்கு வியப்பளிப்பது, செய்தியில் ஆயிரக்கணக்கான சி-க்கள் இருக்க இது ஒன்றை மட்டும் நொதி எப்படிக் கண்டுகொள்கிறது என்பதே. அந்த சி-க்குச் சற்றுப் பின்னால், நான்கு எழுத்துகள் தள்ளி, பதினோர் எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் இருக்கிறது: யு, ஜி, ஏ, யு, சி, ஏ, ஜி, யு, ஏ, யு, ஏ. ஆய்வாளர்கள் இதற்கு நங்கூரத் தொடர் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். கரையில் நங்கூரம் விழுந்த இடத்திலிருந்து கயிற்றின் நீளத்துக்குள்தான் படகு ஆடும்; அதுபோல நொதியும் அதன் துணைப் புரதமும் இந்தத் தொடரில் ஊன்றிக்கொள்ள, குறிப்பிட்ட தொலைவில் உள்ள சி மட்டும் கைக்கு எட்டுகிறது. அந்தத் தொடரில் எழுத்துகளை மாற்றினால் திருத்தம் குலைகிறது.

திருத்தம் நடக்கிறது என்பது தெரிந்துவிட்டது. திருத்துவது யார் என்பது தெரிய மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1993-இல் சிகாகோவில் நிக்கோலஸ் டேவிட்சனின் குழு எலியின் சிறுகுடலிலிருந்து அந்த மரபணுவின் படியைப் பிரித்தெடுத்தது. அவர்கள் சென்ற வழி எனக்கு மிகவும் பிடித்தது. எலிக் குடலின் ஆர்.என்.ஏ.க்களைத் தவளையின் முட்டைச் செல்லுக்குள் செலுத்தினால், அது அவற்றைப் படித்து எலியின் புரதங்களைச் செய்து தரும். அந்தச் சாற்றை மனித ஈரல் புற்றிலிருந்து வளர்க்கப்பட்ட ஹெப்-ஜி-2 செல்களின் சாற்றோடு கலந்து பார்த்தார்கள். ஹெப்-ஜி-2 சாறு தானாக அப்போ-பி செய்தியைத் திருத்தாது. எலியின் புரதம் சேர்ந்ததும் திருத்தத் தொடங்கியது. அந்தப் புரதம் 229 அமினோ அமிலங்களே கொண்டது. தான் பாதியில் நிறுத்தும் புரதத்தின் இருபதில் ஒரு பங்குதான் அதன் அளவு.

அந்தச் சோதனையில் இரண்டு செய்திகள் இருந்தன. முதலாவது, எலியின் இந்த மரபணுவே திருத்தும் நொதியைத் தருகிறது. இரண்டாவதை நான் இன்னும் பெரியதாக மதிக்கிறேன்: மனித ஈரல் செல்லில் நொதி மட்டும்தான் இல்லை, அதற்குத் தோள்கொடுக்கும் துணைப் புரதங்கள் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. வீடு, அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருந்தும் சமைப்பவர் மட்டும் வராததைப்போல. அந்தத் துணை எது என்பதற்கு 2000-இல் ஏ.சி.எஃப். என்ற புரதம் விடையாகச் சொல்லப்பட்டது. 2014-இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வு ஆர்.பி.எம்.-47 என்ற வேறொரு புரதமே இன்றியமையாதது என்று காட்டியது. பிறகு ஏ.சி.எஃப். இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளிலும் அப்போ-பி திருத்தம் குறையாமல் நடந்தது. சோதனைக் குழாயில் முதன்மையாகத் தெரிந்த ஒன்று, உயிருள்ள உடலில் பின்வரிசைக்குப் போவது இத்துறையில் புதிதல்ல.

இனி எலிக்கு வருவோம். மனிதரில் இந்த மரபணு குடலில் மட்டுமே விழித்திருக்கிறது. எலியிலோ குடலோடு ஈரலிலும், இன்னும் சிறுநீரகம், மண்ணீரல், நுரையீரல் போன்ற இடங்களிலும் அதன் ஆர்.என்.ஏ. காணப்படுகிறது. ஆகவே எலியின் ஈரல் 100, 48 இரண்டையும் செய்கிறது. இதன் விளைவு சிறியதன்று. எல்.டி.எல்.-ஐப் பிடித்துச் செல்லுக்குள் இழுக்கும் ஏற்பியோடு பொருந்தும் பகுதி அப்போ-பி-யின் பின்பாதியில் இருக்கிறது; அந்தப் பாதி 48-க்கு இல்லை. இல்லாவிட்டால் என்ன, 48-ஐத் தாங்கிய உருண்டைகள் அப்போ-இ என்ற இன்னொரு புரதத்தின் கைப்பிடியால் ஈரலுக்குள் விரைவாக இழுத்துக்கொள்ளப்படுகின்றன, எல்.டி.எல். ஆகச் சுருங்கி இரத்தத்தில் நாட்கணக்கில் சுற்றுவதில்லை. எல்.டி.எல். உருவாவதற்கு 100 வேண்டும். எலியின் இரத்தத்தில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். மிகக் குறைவாகவும் 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். மிகுதியாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம், எச்.டி.எல்.-லிருந்து கொலஸ்டிராலை மற்ற உருண்டைகளுக்கு மாற்றும் சி.இ.டி.பி. என்ற புரதத்தின் செயல் எலியின் இரத்தத்தில் இல்லாதது மற்றொன்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஏதோ ஒரு விதை, ஏதோ ஒரு கஷாயம் எலிகளின் கெட்ட கொழுப்பைக் குறைத்தது என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம்; அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களையும் நான் அறிவேன். அந்த எலியின் ஈரல் நம் ஈரலைப்போல எழுதுவதில்லை, எழுதியதில் பாதியை இந்த நொதி திருத்திவிடுகிறது என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. எலியில் கண்டதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. என் ஆய்வே எலியில்தான். ஆனால் எல்.டி.எல். பற்றிப் பேசும்போது எலிக்கும் மனிதருக்கும் நடுவே இந்த ஒரு மரபணு குறுக்கே நிற்கிறது என்று தெரிந்து பேச வேண்டும்.

இந்த நொதி எப்போதும் ஒரே அளவில் வேலை செய்வதும் இல்லை. கருவிலுள்ள எலியின் குடல் தொடக்கத்தில் செய்தியை ஏறக்குறைய அப்படியே விட்டுவைக்கிறது. பிறப்பை ஒட்டிய நாட்களில், தாய்ப்பாலின் கொழுப்பு வரப்போகும் வேளையில், திருத்தம் விரைந்து உயர்கிறது. ஈரலில் அந்த உயர்வு பால்குடி மறக்கும் வயதை ஒட்டித்தான் வருகிறது. வளர்ந்த எலியைப் பட்டினி போட்டு, பிறகு மாவுச்சத்து நிறைந்த உணவைத் தாராளமாகக் கொடுத்தால், ஈரலில் திருத்தப்படும் பங்கு ஏறுகிறது. சர்க்கரையைக் கொழுப்பாக்கி வெளியே அனுப்ப வேண்டிய நெருக்கடி வரும்போது, இரத்தத்தில் தங்காமல் விரைவில் கரையேறும் 48 உருண்டைகளை ஈரல் தேர்ந்தெடுக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். தைராய்டு ஹார்மோன் இன்னும் வலுவாக வேலை செய்கிறது: 1988-இல் டேவிட்சனும் ஸ்காட்டின் குழுவினரும் ஹார்மோன் கொடுக்கப்பட்ட எலிகளின் ஈரல் அப்போ-பி-100 செய்வதையே ஏறக்குறைய நிறுத்திவிடுவதைக் காட்டினார்கள். என் தைராய்டு எலிகளின் கணக்கு எனக்குப் புரியாமல் போனதற்கும், பின்னர் புரிந்ததற்கும் அவர்களுடைய அந்த ஆய்வுக் கட்டுரைதான் காரணம். அதை நான் முன்னமே படித்திருந்தால் மூன்று வாரங்களை ஒரு சிவப்பு முகட்டோடு மல்லுக்கட்டிக் கழித்திருக்க மாட்டேன்.

எலிக்கு எல்.டி.எல். குறைவு; காரணங்களில் ஒன்று ஈரலில் உள்ள ஒரு நொதி; மனித ஈரலில் துணைப் புரதங்கள் ஆயத்தம். அப்படியென்றால் அந்த நொதியை மனித ஈரலுக்குள் கொண்டு சேர்த்தால் என்ன என்ற எண்ணம் எழாமல் இருக்குமா? 1994-இல் எலியின் மரபணுவை அடினோ வைரஸில் ஏற்றிச் சுண்டெலிகளின் ஈரலுக்குள் செலுத்தினார்கள். ஈரலில் அப்போ-பி-100 உற்பத்தி ஏறக்குறைய நின்றது, வழக்கமான எல்.டி.எல். மறைந்தது. பிறவியிலேயே எல்.டி.எல். மிகுந்து இளவயதில் மாரடைப்புக்கு ஆளாகும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய நம்பிக்கையாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில், ஜப்பானிலிருந்து வந்திருந்த ஓர் இளம் மருத்துவர் முயலின் அப்போபெக்-1-ஐ ஈரலில் நிரந்தரமாகச் செய்துகொண்டிருக்கும்படி சுண்டெலிகளையும் முயல்களையும் உருவாக்கினார். எல்.டி.எல். குறைந்தது. பிறகு ஒரு நாள் விலங்குகளைப் பார்த்துக்கொள்பவர் வந்து, அவருடைய சுண்டெலிகள் சினையாக இருக்கின்றன, ஆனால் அவை ஆண்கள் என்று சொன்னதாக அவரே பின்னாளில் நோபல் உரையில் நினைவுகூர்ந்தார். வயிறு பெருத்திருந்தது சினையால் அன்று, ஈரல் வீங்கியதால். அந்த ஈரல்களில் புற்று இருந்தது. 1995-இல் வெளியான அந்த முடிவு, இந்த நொதியை அப்படியே மருந்தாக்கும் எண்ணத்துக்குத் தடை போட்டது. அந்த இளம் மருத்துவர் ஷின்யா யாமனாகா.

ஏன் புற்று? அளவுக்கு மீறி இருந்த நொதி, நங்கூரத்தின் கட்டுப்பாட்டை இழந்து, தனக்குச் சம்பந்தமில்லாத செய்திகளிலும் சி-க்களை மாற்றத் தொடங்கியிருந்தது. அப்படிச் சிதைந்த செய்திகளில் ஒன்றை யாமனாகா 1997-இல் கண்டுபிடித்தார். புரத உற்பத்தியை அடக்கிவைக்கும் ஒரு புரதத்துக்குரியது அது. நொதியின் புது இலக்கு என்பதால் நேட்-1 என்று பெயரிட்டார். அந்த மரபணு இல்லாமல் போனால் கருநிலைத் தண்டுச் செல்கள் வேறு திசுக்களாகப் பிரிந்து வளர முடியாமல் திணறுவதைப் பிறகு கண்டார். கொழுப்பை ஆராய வந்தவர் அந்த வழியே தண்டுச் செல்களின் உலகத்துக்குள் நுழைந்தார். 2006-இல் முதிர்ந்த செல்லைத் தண்டுச் செல்லாகத் திருப்பியதும், 2012-இல் ஜான் கர்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்ததும் எல்லாரும் அறிந்த கதை. அதன் வேர் ஆண் சுண்டெலியின் பெருத்த வயிற்றில் இருந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

இந்த மரபணுவை அடியோடு நீக்கினால் என்ன ஆகும் என்பதை 1996-இல் தனித்தனிக் குழுக்கள் சுண்டெலிகளில் பார்த்தன. அப்போ-பி-48 ஒரு துளியும் இல்லை. ஆனாலும் அவை நன்றாக வளர்ந்தன, குட்டி போட்டன, குடல் 100-ஐ வைத்தே கொழுப்பைக் கட்டி அனுப்பியது. இதைக் கேட்டதும் 'அப்படியானால் இந்த மரபணுவுக்கு வேலையே இல்லையா?' என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. ஆய்வுக்கூடத்தின் சுண்டெலிக்கு நேரத்துக்கு உணவும், கதகதப்பும், நோயற்ற கூண்டும் உண்டு. பாலைத் தவிர வேறொன்றும் கிடைக்காத பொந்திலும், பட்டினிக்கும் பெருந்தீனிக்கும் நடுவே அலையும் வயலிலும் அந்த உடல் என்ன செய்யும் என்பதைக் கூண்டு கேட்பதில்லை. மேலும் 2011-இல் சுண்டெலியின் குடல் ஆர்.என்.ஏ.க்கள் முழுவதையும் படித்தபோது, அப்போ-பி அல்லாத முப்பதுக்கும் மேற்பட்ட செய்திகளில் இந்த நொதியின் கைவண்ணம் தெரிந்தது. அவற்றில் மாற்றம் புரதத்துக்கான பகுதியில் விழாமல் செய்தியின் வால் பகுதியில் விழுந்திருந்தது. 'ஒரு நொதி, ஒரு வேலை' என்று பாடப்புத்தகத்தில் எழுதுவது எளிது. எலியின் இந்த மரபணுவோடு சில ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் நான் சொல்வது: இதன் வேலை என்ன என்று கேட்டால், எந்த உறுப்பில், எவ்வளவு அளவில், எந்தத் துணையோடு என்று திருப்பிக் கேட்க வேண்டும். குடலில் அது கொழுப்புக்கு வழிவிடும் கை. ஈரலில் மிகுந்தால் அதுவே கேடு.

இதே நொதிக்கு யாரும் எதிர்பாராத இரண்டாம் வாழ்வு ஒன்று வாய்த்தது. 2002-இல் கேம்பிரிட்ஜில் மைக்கேல் நியூபெர்கரின் குழு, அப்போபெக்-1-ஐ எ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தபோது அது ஆர்.என்.ஏ.வோடு நிற்காமல் டி.என்.ஏ.வின் சி-க்களையும் மாற்றியதைக் காட்டியது. இதன் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட உறவு நொதிகள், வைரஸ்களின் டி.என்.ஏ.வைச் சிதைத்து உடலைக் காப்பதும் அதே காலத்தில்தான் வெளிப்பட்டது. செய்தித் தாளில் பிழை திருத்துபவர் மூலச் சுவடியிலும் கைவைப்பார் என்று தெரிந்ததும் முதலில் எழுந்தது அச்சம்தான்.

2016-இல் ஹார்வர்டில் டேவிட் லியுவின் குழு அந்த அச்சத்தையே கருவியாக்கியது. மரபணுவில் விரும்பிய இடத்தைத் தேடிச் சென்று அமரும் கேஸ்-9 புரதத்தின் இரட்டை வெட்டும் ஆற்றலை முடக்கி, அதன் தலையில் சி-யை மாற்றும் ஒரு நொதியைப் பூட்டினால், டி.என்.ஏ.வை இரண்டாக உடைக்காமலேயே ஓர் எழுத்தை மட்டும் மாற்றலாம். எந்த நொதியைப் பூட்டுவது? மனிதரின் இரண்டு நொதிகள், லாம்ப்ரே மீனின் ஒன்று, எலியின் அப்போபெக்-1 என நான்கைச் சோதித்தார்கள். அவற்றுள் மிகுந்த சுறுசுறுப்போடு வேலை செய்தது எலியுடையது. புதிதாக உருவாகும் யுராசிலைச் செல்லின் பழுதுபார்ப்பு நொதி பிடுங்கி எறியாமல் இருக்க, பாக்டீரியா வைரஸ் ஒன்றின் தடுப்புப் புரதத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். எழுத்துத் திருத்தி எனப்படும் அந்த முதல் கருவிகளின் வேலைமுனை, எலியின் குடலிலிருந்து 1993-இல் எடுக்கப்பட்ட அதே 229 அமினோ அமிலங்கள். சிஏஏ-வின் முதல் எழுத்தை மாற்றி முற்றுப்புள்ளி வைப்பது, ஒரு மரபணுவை முடக்க இந்தக் கருவி கையாளும் எளிய வழிகளில் ஒன்று. எலி தன் சிறுகுடலில் நாள்தோறும் செய்துவருவதும் அதையேதான். 2022 மே மாதம் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், வேறெந்தச் சிகிச்சைக்கும் அடங்காத இரத்தப் புற்றோடு இருந்த 13 வயதுச் சிறுமிக்குக் கொடையாளர் ஒருவரின் டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் செலுத்தப்பட்டன. அந்தச் செல்களின் மரபணுக்களை மாற்றிய கருவியும் இந்த வகையைச் சேர்ந்தது. நோய் பின்வாங்கியது, பிறகு அவளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றமும் செய்ய முடிந்தது.

ஆனால் இந்த நொதியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நான் திரும்பிச் செல்வது 2019-இல் பாஸ்டனில் கீத் ஜங்கின் குழு வெளியிட்ட முடிவுக்குத்தான். டி.என்.ஏ.வில் ஓர் இடத்தை மட்டும் மாற்றும்படி அனுப்பப்பட்ட அந்தக் கருவி, மனித செல்களுக்குள் பல்லாயிரம் இடங்களில் ஆர்.என்.ஏ.வையும் திருத்திக்கொண்டிருந்தது. கேஸ்-9-உடன் பிணைத்தும், டி.என்.ஏ.வின் பக்கம் திருப்பியும், மனித செல்லுக்குள் வைத்தும், தன் பழைய தொழிலை அது விடவில்லை. நொதியின் 33-ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அலனினாக மாற்றியபோது ஆர்.என்.ஏ. மீதான அந்தப் பற்று வெகுவாகத் தளர்ந்தது, டி.என்.ஏ. வேலையோ பெருமளவு குறையாமல் நின்றது.

அந்தப் பல்லாயிரம் இடங்களையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தென்பட்டது. மாறிய சி-க்கு முன்னால் பெரும்பாலும் ஏ. பின்னால் ஏ அல்லது யு. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு இழுப்பறையைத் திறந்து ஈரலின் தாளை எடுத்துப் பார்த்தேன். காகிதம் ஓரத்தில் பழுத்துவிட்டது, நிறங்கள் மங்கவில்லை. பச்சை, சிவப்பு, பச்சை; அதன்பின் நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில்; அதை ஒட்டி மீண்டும் பச்சை, பச்சை.